பழைய சைக்கிள் ஃப்ரேமுக்கு மொட்டை மாடியில் ஸ்ப்ரே பெயின்ட்

ஃப்ரேம் முழுக்க பாட்டில் பச்சை, அதன்மேல் ஒன்றரை மி.மீ. அகலத்தில் தங்கக் கோடு, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு. செயின் மாட்டி, எண்ணூர் விரைவுச் சாலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தாயிற்று. கார்த்திகையில் தொடங்கிய வேலை மாசியில்தான் முடிந்தது. ஸ்ப்ரே கேனை அழுத்திய நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு முழுப் பகல்கூட வராது. மற்ற நேரமெல்லாம் உரித்ததிலும் தேய்த்ததிலும் காயவிட்டதிலும் போயிற்று. வீட்டிலேயே அடிக்க நினைப்பவர்களுக்கு இந்த விகிதம் முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

சைக்கிள் ஒரு பழைய ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்தது. 24 அங்குல ஃப்ரேம், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக். பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிய அந்த உயரமான சைக்கிள்தான். பார் குழாய் ஒரு அங்குலம், கீழ்க்குழாயும் சீட் குழாயும் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, 28.6 மி.மீ. குழாய்கள் சேரும் இடங்களில் லக் என்கிற மூட்டு உறை வைத்து பித்தளை ஊற்றி ஒட்டியிருப்பார்கள். இந்த உறைகளின் விளிம்புகள்தான் பெயின்ட் வேலையில் அதிக நேரத்தைத் தின்றன. எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்தில். இங்கே இரும்பை வெறுமனே விட்டுவைக்க முடியாது என்பதும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்.

முதலில் கழற்றுவது. இடது பக்கப் பெடல் எதிர்த்திசை மரை. அதேபோல செயின் பக்கத்து பி.பி. (பெடல் அச்சு சுழலும் கீழ் மூட்டு) கப்பும் எதிர்மரை. இது தெரியாமல் முழு பலத்தோடு திருப்பினால் இன்னும் இறுகும். பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் காட்டர் பின்னுக்கு முந்தின நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். நட்டைப் பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அடியின் வேகமெல்லாம் உள்ளே இருக்கும் பால்ஸுக்கு, அதாவது இரும்புக் குண்டுகளுக்குப் போய் கப்பில் குழி விழும். கழற்றிய பின்னைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு இருபது ரூபாய்க்குள் கிடைக்கிறது. பால்ஸை எண்ணி, எது எந்தப் பக்கம் என்று எழுதிய காகிதத்தோடு சின்ன டப்பாக்களில் போட்டுவைத்தேன். பி.பி.க்கு கால் அங்குலப் பால்ஸ், பக்கத்துக்கு பதினொன்று.

முன்பக்கத்து பிராண்ட் பட்டை ஃப்ரேமோடு சேர்த்து ரிவெட் அடித்தது. கழற்றலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்தால் அதே மாதிரி திரும்ப அடிப்பது கஷ்டம். பட்டையின் மேல் டேப்பை ஒட்டி, ஓரத்தைச் சுற்றிப் புது பிளேடால் அழுத்தாமல் கீறினேன். டேப் சரியாக உட்காராத வளைவுகளில் காது குடையும் பஞ்சுக் குச்சியால் வாசலின் தடவினேன். வாசலின் இருக்கும் இடத்தில் பெயின்ட் பிடிக்காது, கடைசியில் துணியால் துடைத்தால் வந்துவிடும். ஆனால் பட்டையைத் தாண்டி ஒரு நூலளவுகூடப் படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் அடிப்பூச்சான பிரைமரும் நிற்காது.

அடுத்தது, ஃப்ரேமின் மேல் என்ன பெயின்ட் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. வெள்ளைத் துணியில் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) தின்னரை நனைத்து, பெயின்ட் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். துணியில் உடனே நிறம் ஏறினால் அது லாக்கர், கரைப்பான் ஆவியானதும் காயும் பெயின்ட். பெயின்ட் உப்பிச் சுருங்கினால் பிரஷ்ஷில் அடித்த சிந்தெடிக் எனாமல். எதுவும் நடக்கவில்லையென்றால் தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய எனாமல், இல்லாவிட்டால் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்.

என் சைக்கிளில் இரண்டு வகையும் இருந்தது. மேலே யாரோ பிரஷ்ஷால் அடித்த கறுப்பு எனாமல், அதற்கடியில் நீல எனாமல், அதற்கும் அடியில் தொழிற்சாலைக் கறுப்பு. தின்னர் பட்டதும் மேலிரண்டும் உப்பி எழுந்தன, அடிக்கறுப்பு அசையவில்லை. பார் குழாயில் உப்பிய இடத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டால் மெல்லச் சுரண்டியபோது, கறுப்புக்குள் ஒரு தங்கக் கோடு தெரிந்தது. முடி மாதிரி மெல்லியது இல்லை, தடியும் இல்லை. லக் விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளித் தொடங்கி, குழாயோடு ஓடி, அடுத்த லக்குக்கு முன்னால் கூராக முடிந்தது. ஒரு இடத்தில் கோடு இலேசாகத் தடித்திருந்தது. வரைந்தவர் அங்கே பிரஷ்ஷைத் திரும்ப மையில் தொட்டிருக்க வேண்டும். இதைப் பார்த்த பிறகு வெறும் பச்சையோடு நிறுத்த மனசு வரவில்லை. டிரேசிங் பேப்பரை வைத்து பென்சிலால் பிரதி எடுத்து, லக்கிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நீளம் என்று ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொண்டேன்.

முதல் சுற்று கார்த்திகையில். மூன்று பெரிய குழாய்களையும் ஃபோர்க்கையும் மட்டும் சுத்தமாக உரித்தேன். பின்பக்கத்து மெல்லிய குழாய்களில், குறிப்பாக பி.பி. பக்கத்தில் அவை நெருங்கும் இடத்தில், கை போகவில்லை. அங்கே எனாமலை 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன்மேலேயே பிரைமர் அடித்தேன். முதல் கோட்டுக்கு, அதாவது முதல் தடவைப் பூச்சுக்கு, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கோட்டு போட்டுக் கொஞ்ச நேரத்தில், ஆறின பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி பிரைமர் முழுக்கச் சுருங்கி எழுந்தது. உரித்த இடங்களில் வழவழவென்று நிற்கிறது, உரிக்காத இடங்களில் மட்டும் இந்தக் கோலம். ஸ்ப்ரே கேனில் இருக்கும் கரைப்பான் எனாமலுக்குள் இறங்கி அதை உப்பவைக்கிறது. சொரசொரப்பாக்கியதால் அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையால் ஒரு தடவு தடவிவிட்டுச் சொன்னார்: "அடியில எனாமல் இருக்குதுல்ல தம்பி, அது மேல கேன் நிக்காது. ஒண்ணு எல்லாத்தையும் எடு, இல்ல எனாமலே வாங்கி பிரஷ்ல அடி." அந்த இரண்டாவது வழியும் உண்மையில் மோசமில்லை. எனாமல் மேல் எனாமல் நன்றாகவே நிற்கும், செலவும் முந்நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் தங்கக் கோட்டைப் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் எடுக்க முடிவு செய்தேன்.

பெயின்ட் ரிமூவர் கூழ்போல இருக்கும் வகையே வேண்டும். தண்ணீராக இருப்பது குழாயில் நிற்காமல் வழிந்துவிடும். தடிமனாகத் தடவி, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டேன். காற்று படாமல் இருந்தால் காயாமல் அதிக நேரம் வேலை செய்கிறது. இருபது நிமிடத்தில் பெயின்ட் கொப்பளித்துக் கழன்றது. லக் விளிம்புகளுக்குப் பித்தளைக் கம்பி பிரஷ், பின்குழாய் நெருக்கத்துக்கு ரிமூவரில் நனைத்த சணல் கயிறு. சணலைக் குழாயைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால், விரல் போகாத இடத்திலும் பெயின்ட் வந்துவிடுகிறது. இந்தக் கயிறு யுக்திதான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது. தேய்க்கும்போதும் இதையே செய்தேன்; எமரி துணியை விரலகலத்தில் கிழித்து அதே மாதிரி இழுத்தேன்.

ரிமூவர் விஷயத்தில் கையுறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெல்லிய நீல நைட்ரைல் கையுறை சில நிமிடத்திலேயே உப்பித் தொளதொளத்துவிட்டது. தடித்த ரப்பர் கையுறையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்தேன். இதை வீட்டுக்குள்ளோ குளியலறையிலோ செய்யவே கூடாது. அந்த ஆவி மூடிய இடத்தில் தேங்கினால் ஆளையே சாய்த்துவிடும். மூக்குக்கு இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கினேன். துணி மாஸ்க்கும் மருத்துவ மாஸ்க்கும் தூசியை ஓரளவு தடுக்கும், பெயின்ட் ஆவியைத் தடுக்காது. போட்ட பிறகும் தின்னர் வாசனை வந்தால், ஒன்று மாஸ்க் முகத்தில் சரியாக உட்காரவில்லை, இல்லை கரி தீர்ந்துவிட்டது.

உரித்து முடித்துக் கழுவியதும் ஃப்ரேமைத் தலைகீழாகக் கட்டி வெயிலில் தொங்கவிட்டேன். பின்குழாய்களிலும் ஃபோர்க்கிலும் ஊசித்துளைகள் இருக்கும், அவற்றின் வழியாக உள்ளே போன தண்ணீர் வடிய வேண்டும். வடியவிடாமல் பெயின்ட் அடித்தால் பிற்பாடு அந்தத் துளையிலிருந்து துருத்தண்ணீர் ஒழுகிப் புதுப் பெயின்டில் கோடு போடும்.

துரு இரண்டு இடத்தில் ஆழமாக இருந்தது: பி.பி.க்குக் கீழே, அப்புறம் சீட் போல்ட்டுக்குப் பின்னால். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பிரஷ்ஷால் தடவி, பத்து நிமிடம் விட்டு, தேய்த்துக் கழுவினால் இரும்பு சாம்பல் நிறமாகிறது. சீட் குழாயின் மேல்புறம் குத்தியிருக்கும் ஃப்ரேம் எண்ணைத் தடவிப் பார்த்து, அழுக்கை ஊசியால் எடுத்தேன். அந்த எண் எப்போதும் படிக்கத் தெரிய வேண்டும். பள்ளத்தை நிரப்பும் பட்டியும் தடித்த பிரைமரும் அங்கே போகவே கூடாது.

இங்கேதான் திருவொற்றியூர் காற்று வேலை காட்டியது. மத்தியானம் பளபளவென்று இருந்த இரும்பு, மறுநாள் காலை இளஞ்சிவப்பாகத் துரு பூத்திருந்தது. கை பட்ட இடங்களில் விரல் ரேகையே துருவாகத் தெரிந்தது. ஆகவே நான் கடைப்பிடித்த முறை: கடைசித் தேய்ப்பு, தின்னர் துடைப்பு, முதல் பிரைமர் மூன்றும் ஒரே நாளில், ஒரே மூச்சில். தேய்த்து முடித்ததிலிருந்து வெறும் கையால் தொடுவதில்லை. துடைப்பதற்கும் இரண்டு துணி: ஒன்றில் தின்னர் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே நகர்த்துவதோடு சரி.

பி.பி. மரை, ஹேண்டில் பார் இறங்கும் ஹெட் குழாயின் இரண்டு வாய், சீட் குழாய் வாய் எல்லாவற்றையும் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, விளிம்பில் டேப் ஒட்டினேன். பிறகு ஹெட் குழாய் வழியாக ஒரு ஜி.ஐ. கம்பியை விட்டுத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு, ஆடாமல் இருக்க பின்பக்கத்தை ஒரு செங்கல்லோடு கட்டினேன். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி எழாது. காற்று வரும் பக்கம் தார்ப்பாய். பழைய சேலை வேண்டாம், அதிலிருந்து நூல் தும்பு பறந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். பக்கத்து மாடி வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லித் துணியை எடுக்கச் சொன்னேன். ஸ்ப்ரே தூள் கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் போகிறது. அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெருப்பும் ஆகாது. கேனைத் தள்ளும் வாயு நம் சமையல் எரிவாயுவின் இனம்தான்.

பிரைமர் இரண்டு மெல்லிய கோட்டு. அது காய்ந்ததும் துருக்குழிகளுக்கு என்.சி. பட்டி பார்த்தேன். இந்தப் பட்டியை ஒரே தடவையாகத் தடித்துப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், வாரங்கள் கழித்துச் சுருங்கிக் குழி காட்டும். தகடால் வழித்து வழித்து, காகிதத் தடிமனில் பல தடவை போட வேண்டும். பார் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது. அந்த ஆழத்துக்கு என்.சி. பட்டி தாங்காது, காரில் போடும் ஹார்டனர் கலந்த பட்டிதான் சரி. அதை இரும்பு தெரியும் இடத்தில் பிரைமருக்கு முன்னாலேயே போட்டுத் தேய்த்துவிட்டேன்.

தேய்த்தது சமமாக இருக்கிறதா என்று கண்ணால் தெரியாது. அதற்கு ஒரு வழி: பிரைமர் மேல் தூரத்திலிருந்து கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக அடித்துக் காயவிட்டு, 320 நம்பர் தண்ணீர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்க வேண்டும். மேடெல்லாம் சாம்பலாகும், பள்ளத்தில் மட்டும் கறுப்புப் புள்ளி நிற்கும். பட்டி போட்ட இடங்களில் முதலில் நிறையக் கறுப்புத் தெரிந்தது. நசுங்கல் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்த இடத்தைச் சுற்றி வளையமாக. திரும்பப் பட்டி, திரும்பத் தேய்ப்பு. அப்புறம் இன்னொரு பிரைமர், 600 நம்பரில் தண்ணீர் விட்டு இலேசாக ஒரு தடவு. லக் விளிம்பில் பேப்பரை அழுத்தவே கூடாது, இரண்டே இழுப்பில் இரும்பு தெரிந்துவிடும். அங்கே பேப்பரை விட்டுவிட்டு, சாம்பல் நிற நார்ப்பட்டையால் தேய்த்தேன்.

இனி நிறம். கேனை அடிக்கும் முன்னால் இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குண்டு தடையில்லாமல் உருளும் சத்தம் கேட்ட பிறகும் இன்னொரு நிமிடம். ஃப்ரேமிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தூரம். குழாய்க்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குழாயைக் கடந்து, வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். குழாய் மேலேயே தொடங்கினால் அங்கே ஒரு துளி வழியும். முதலில் மூலை முடுக்கெல்லாம்: பி.பி. அடிப்பக்கம், சீட் குழாயின் பின்புறம், பின்குழாய்களின் உட்பக்கம், லக்குகள். பெரிய குழாய்கள் கடைசி. பெரிய குழாயை முதலில் அடித்துவிட்டு மூலைக்குப் போனால், மூலைக்கு அடிக்கும் தூள் வந்து பெரிய குழாயில் மணல்போல உட்காரும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்டு. முதல் கோட்டில் அடியில் இருக்கும் பிரைமர் தெரியத்தான் செய்யும். அதை மூட வேண்டும் என்று கை பரபரக்கும், விடக் கூடாது.

கேன் மேல் திரும்ப அடிக்கும் நேரம் எழுதியிருக்கும். பல எனாமல் கேன்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து அடி என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அடித்தால் அதுவும் சுருங்கும். நான் வாங்கியது அக்ரிலிக் லாக்கர், அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் ஒரே வகையில் வாங்கியதற்குக் காரணம் கார்த்திகைச் சுருக்கம்தான்.

பச்சை முதலில் அடித்தது மார்கழித் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு சாயங்காலம். அடிக்கும்போது அழகாக இருந்தது. காய்ந்ததும் பச்சைமேல் பால் தெளித்ததுபோல ஒரு மங்கல். பெயின்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது குழாயின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அடர்ந்த நிறங்களில் இது நன்றாகத் தெரியும். போதாததற்கு, மழைக்கு எழுந்த ஈசல்கள் மாடி விளக்கைப் பார்த்து வந்து ஃப்ரேமில் ஒட்டிக்கொண்டன.

அதோடு நிறுத்தி, ஃப்ரேமை மாடிப்படி அறையில் தொங்கவிட்டுத் தை முடியக் காத்திருந்தேன். சென்னையில் அதிகாலையில்தான் ஈரம் அதிகம். வெயில் ஏற ஏறக் குறையும். மத்தியானத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்தால் மறுபடி ஈரமும் தூசியும் சேர்ந்து வரும். இந்த இரண்டுக்கும் இடையில், காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைதான் ஸ்ப்ரே அடிக்கத் தோதான நேரம் என்று பார்த்து வைத்தேன். நேர் வெயிலிலும் அடிக்கக் கூடாது. குழாய் சுட்டால் பெயின்ட் குழாயைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக விழும். ஃப்ரேமை அரை மணி வெயிலில் வைத்து, கையில் இதமான சூடு தெரிந்ததும் நிழலுக்குக் கொண்டுவந்து அடித்தேன். மங்கிய இடங்களை 1000 நம்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மாசியின் ஒரு காய்ந்த காலையில் திரும்ப இரண்டு கோட்டு கொடுத்ததும் பச்சை அதன் முழு ஆழத்தோடு வந்தது. அந்த நிறம் நிழலில் கறுப்பாகவும் வெயிலில் பச்சையாகவும் இருக்கிறது, அவ்வளவு திருப்தி.

கோடு. எனக்குக் கையால் நேராக இழுக்கும் பயிற்சி இல்லை, அதனால் டேப். டிரேசிங் பேப்பரில் குறித்த தூரத்தில் ஒரு மெல்லிய டேப்பைக் குழாயோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக் குழாயின் நுனியிலிருந்து பார்த்து நேராக்கினேன். அதற்கு இணையாக இன்னொரு டேப். நடுவில் இடைவெளி ஒன்றரை மி.மீ. அதை அளக்க ஒன்றரை மி.மீ. டிரில் பிட்டையே இரண்டு டேப்புக்கும் நடுவில் படுக்கவைத்து நகர்த்திக்கொண்டே போனேன். தங்க நிற பெயின்ட் மார்க்கரால் இரண்டு தடவை இழுத்து, பெயின்ட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பைப் பின்னோக்கி மடித்து எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் ஓரம் பிய்யும். கூரான முனைகளை மட்டும் டூத்பிக்கால் கையிலேயே வரைந்தேன்.

ஃப்ரேமில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு துண்டுக் குழாயில் இதையெல்லாம் சோதித்தது பெரிய உதவி. மார்க்கர் கோட்டின்மேல் கிளியரை ஈரமாக அடித்ததும் தங்கம் கரைந்து பச்சைக்குள் பரவியது. இன்னொரு துண்டில் முதலில் தூரத்திலிருந்து இரண்டு தூவல், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு ஈரக் கோட்டு என்று அடித்தபோது கோடு அசையவில்லை. ஃப்ரேமிலும் அப்படியே செய்தேன். கிளியர் மொத்தம் நான்கு கோட்டு வரும். ஹார்டனர் உள்ளேயே இருக்கும் இரண்டு பகுதிக் கிளியர் கேனும் கிடைக்கிறது. அடியில் இருக்கும் பொத்தானைக் குத்திக் கலக்கிவிட்டால் ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பெட்ரோல் பட்டாலும் கரையாத அளவுக்கு உறுதியானது. ஆனால் அதில் ஐசோசயனேட் என்கிற, மூச்சுக்கு ஆபத்தான ரசாயனம் இருக்கிறது. அதற்கு என் கரி மாஸ்க் போதுமான பாதுகாப்பு இல்லை என்பதால் வாங்கவில்லை. என் கிளியர் தின்னர் பட்டால் கரையும். செயின் கழுவும்போது துணியைக் கவனமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காய்வதைப் பற்றி. ஒரு மணி நேரத்தில் தொடலாம், மறுநாள் தூக்கலாம். ஆனால் உள்ளே இறுகப் பல வாரம் ஆகும். மறைவான இடத்தில், பி.பி. அடியில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். தடம் விழுகிறவரை எதையும் மாட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நகத்தடம் விழுவது நின்ற பிறகும்கூட கேரியர் கிளிப்பை இறுக்கிய இடத்தில் கிளிப்பின் விளிம்பு பச்சைக்குள் பதிந்துவிட்டது. பழைய டியூபை வெட்டி, கிளிப் வரும் இடமெல்லாம் சுற்றி, அதன்மேல் மாட்டினேன். பிரேக் ராடு பிடிக்கும் கிளிப்புகளுக்கும் இப்படியே.

திரும்ப மாட்டும்போது ஹெட் கப் உட்காரும் வாய்களில் பெயின்ட் விளிம்பைப் பிளேடால் வட்டமாகக் கீறிவிட்டுத்தான் கப்பைத் தட்டினேன். கீறாமல் தட்டினால் கப்போடு சேர்ந்து பெயின்ட் செதிலாக எழும். காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பின்னின் சாய்வான முகத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் சரியாக இறங்கியது.

செலவு: பெயின்ட் ரிமூவர் 280, பிரைமர் கேன் இரண்டு 620, பச்சை மூன்று 870, கிளியர் இரண்டு 620, பட்டி 95, எமரியும் தண்ணீர் பேப்பரும் 210, டேப் 130, தின்னர் ஒரு லிட்டர் 160, துரு நீக்கி 140, தங்க மார்க்கர் 75, காட்டர், பால்ஸ், கிரீஸ் 190. ஆக 3,390 ரூபாய். மாஸ்க் 1,600, அதைத் தனியாகக் கணக்கு வைக்கிறேன். உதிரிபாகங்களை ரத்தன் பஜாரில் வாங்கினேன், பெயின்ட் சாமான்களைத் தெருவிலேயே. பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறையில் கேட்டபோது உரித்துத் தருவதோடு சேர்த்து இதில் பாதிகூட வராது என்றார்கள். சுமார் 180 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்து எடுப்பார்கள், பித்தளை ஒட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, உறுதியும் அதிகம். பணத்தை மட்டும் பார்த்தால் அங்கே கொடுப்பதுதான் புத்தி. நான் வீட்டில் செய்தது அந்தத் தங்கக் கோட்டுக்காக. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்த ஃப்ரேம் செய்தால் மாற்றப்போவது இவை. முதல் நாளே தின்னர் சோதனை செய்து, எனாமல் என்றால் ஒரு அங்குலம் விடாமல் உரிப்பது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கழற்றல், உரிப்பு, வாங்கல் மட்டும்; நிறம் தை கடைசிக்கு மேல்தான். சாதாரண பிரைமரை விட்டுவிட்டு எபாக்ஸி பிரைமர், கடல் பக்கத்து இரும்புக்கு அதுதான் பிடிக்கும். கேன் மூக்கு அகலமாகத் தெளிக்கிறது, மெல்லிய குழாய்களில் பாதிப் பெயின்ட் காற்றில் போகிறது. சின்ன கம்ப்ரஸரும் ஸ்ப்ரே துப்பாக்கியும் நண்பரிடம் இரவல் கிடைத்தால் பச்சைக் கேன் செலவு நிச்சயம் குறையும்.

மட்கார்டு இரண்டும் செயின் கவரும் இன்னும் பழைய கறுப்பிலேயே இருக்கின்றன. மெல்லிய தகடு, ஓட்டும்போது அதிரும், கல் அடிக்கும். லாக்கர் அதில் நெடுநாள் தாங்காது. அவற்றைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கப்போகிறேன், கறுப்பிலேயே.